காசு செலவில்லாமல் ஃபேன்டஸி கேம்பெய்ன்: எதை எடுப்பது, எதை விடுவது

கேள்வியின் சாரம் இது: "நாங்கள் ஐந்து பேர். நாலு பேர் வேளச்சேரிப் பக்கம், ஒருவர் பெங்களூரில். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மாதிரி ஒரு ஃபேன்டஸி ரோல்பிளேயிங் விளையாட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மாதமாவது ஓட்டிப் பார்க்க ஆசை. யாருக்கும் முன் அனுபவம் கிடையாது. புத்தகங்களின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் லிஸ்ட் போட்டுத் தர முடியுமா?" லிஸ்ட் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் லிஸ்ட்டுக்கா பஞ்சம்? ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடினால் பத்து ஜி.பி. பி.டி.எஃப் சேர்ந்துவிடும், அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வருகிற ஞாயிறு மேசையில் உட்கார எவ்வளவு போதும், அதற்கு மேல் எதை எப்போது சேர்க்கலாம், எது சட்டப்படி இலவசம் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இந்த வகை விளையாட்டில் ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை ஏற்றுப் பகடை உருட்டி ஆடுவார்கள். வாரக்கணக்கில் தொடரும் கதைதான் கேம்பெய்ன். முதலில் ரூல்ஸ். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்.ஆர்.டி. (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்) என்ற பெயரில் இலவச பி.டி.எஃப் ஆகக் கிடைக்கின்றன. 2014 விதிகளுக்கான 5.1, 2023 ஜனவரியில், மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்கிற க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. பழைய ஓ.ஜி.எல். (ஓப்பன் கேம் லைசென்ஸ்) உரிமத்தை, டி அண்ட் டியை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் மாற்றப் பார்த்து, ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு நடந்தது அது. இந்த உரிமத்தைக் கொடுத்தவர் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. 2024-இன் புதிய விதிகளுக்கான 5.2, 2025-இல் அதே உரிமத்தில் வந்தது. 5.1-இல் பன்னிரண்டு கிளாஸும் (போர்வீரர், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகைகள்) இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு)தான். பேக்கிரவுண்ட் (கேரக்டரின் முன்கதை) ஒன்று, ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறமை) ஒன்று. ஆறு மாத ஆட்டத்துக்கு இது தாராளம். வெறும் விதிப் பட்டியலாக இருப்பதால் முதன்முறை படிப்பவருக்கு அலுப்புத் தட்டும். அதனால் விளையாடுபவர்கள் டி அண்ட் டி பியாண்ட் தளத்தின் இலவச பேசிக் ரூல்ஸைப் படிக்கட்டும், கேம் மாஸ்டர் மட்டும் எஸ்.ஆர்.டி. பி.டி.எஃபை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது தேடிப் பார்த்தால் போதும்.

புதுக் குழுக்கள் அதிகம் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு: 2014 விதியையும் 2024 விதியையும் தெரியாமல் கலந்துவிடுவது. இரண்டும் ஒரே பெயரில், ஒரே தளங்களில் அடுத்தடுத்து கிடக்கின்றன. என்ன ஆகும் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். முதல் லெவலில் நாலு பேர், எதிரே நாலு காப்ளின் (குட்டி அரக்கர்கள்). ஒரு காப்ளினுக்கு 50 எக்ஸ்.பி. (எதிரியை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி), மொத்தம் 200. 2014 கணக்கில் மூன்றிலிருந்து ஆறு எதிரிகள் வரை இருந்தால் அந்தத் தொகையை இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. முதல் லெவல் ஆளுக்கு 'டெட்லி' எல்லை 100, நாலு பேருக்கு 400. அதாவது சாவு விழக்கூடிய சண்டை. 2024 கணக்கில் இந்தப் பெருக்கலே கிடையாது. முதல் லெவலில் ஆளுக்கு 50 என்பது 'லோ', நாலு பேருக்கு 200. அதே நாலு காப்ளின் அங்கே லேசான சண்டை! இணையத்தில் கிடைக்கும் இலவச என்கவுண்டர் (சண்டை) கால்குலேட்டர்களில் சில பழைய கணக்கைப் போடும், சில புதியதைப் போடும், சிலவற்றில் இரண்டுக்கும் பட்டன் இருக்கும். எந்தக் கணக்கு ஓடுகிறது என்று பார்க்காமல் வரும் முடிவை நம்பாதீர்கள்.

சண்டையில் நடப்பதையும் பார்த்துவிடுவோம். 2014 காப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), ஆர்மர் கிளாஸ் 15 (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்), தாக்க +4 (பகடையில் விழுந்ததோடு கூட்டுவது), அடி சராசரி 5. உங்கள் விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) ஆர்மர் கிளாஸ் 12, ஹிட் பாயின்ட் 7 அல்லது 8 என்று வைத்துக்கொண்டால், இருபது முகப் பகடையில் 8-உம் அதற்கு மேலும் விழும்போதெல்லாம் காப்ளின் அடிக்கும், இருபதுக்குப் பதின்மூன்று வாய்ப்பு. இரண்டு அடியில் விஸார்ட் தரையில். நாலு காப்ளினும் ஒரே ரவுண்டில் அவர் மேல் பாய்ந்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் கதை முடிந்தது. என் அபிப்பிராயம்: முதல் ஞாயிறு இரண்டு காப்ளினோடு தொடங்குங்கள், மூன்றாவது காப்ளின் கொம்பு ஊத ஓடட்டும், அவனைப் பிடிப்பதா விடுவதா என்பதே ஒரு நல்ல காட்சி.

டி அண்ட் டிதான் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. கெய்ர்ன் என்ற விளையாட்டின் முழு விதியும் இலவசம், சில பக்கங்கள்தான், க்ரியேட்டிவ் காமன்ஸ். மூன்றே திறன்கள், மூன்று ஆறுமுகப் பகடை போட்டு அவற்றைத் தீர்மானிப்பது, பத்து பொருள் தூக்கும் இடம், தாக்கினால் அடி நிச்சயம் படும், கவசம் அடியைக் குறைக்கும். கேரக்டர் போட கால் மணி நேரம் ஆகாது. பேசிக் ஃபேன்டஸி ஆர்.பி.ஜி. பழைய பாணி. 2023-இல் வந்த நான்காம் பதிப்பு ஓ.ஜி.எல்-ஐ விட்டு க்ரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது. விதிப் புத்தகம், சாகசத் தொகுப்புகள் எல்லாவற்றின் பி.டி.எஃபும் அவர்கள் தளத்திலேயே இலவசம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் மொத்த விதியும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் அதிகாரபூர்வமாகவே திறந்து கிடக்கிறது. தாராளத்தில் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் ஒவ்வொரு லெவலிலும் ஃபீட் பொறுக்க வேண்டும், பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஐவருமே புதுசு என்கிறபோது நான் அதைக் கையில் கொடுக்க மாட்டேன். யாருமே கேம் மாஸ்டராக உட்கார முன்வராவிட்டால் அயர்ன்ஸ்வோர்ன் பாருங்கள். மாஸ்டர் இல்லாமலே கூடி ஆடலாம், தனியாகவும் ஆடலாம், பி.டி.எஃப் இலவசம்.

அடுத்தது சாகசம், அதாவது ஆடுவதற்கென்று எழுதி வைத்த கதை. சொந்தமாக உலகம் படைக்கும் ஆசையை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். முதல் செஷனுக்கு விங்ஹார்ன் பிரஸ் வெளியிட்ட 'எ மோஸ்ட் போட்டன்ட் ப்ரூ' என்ற குட்டிச் சாகசம் பொருத்தம். மது காய்ச்சும் இடத்தின் நிலவறையில் எலித் தொல்லை என்று ஆரம்பிக்கும், முதல் லெவலுக்கானது, ஒரே அமர்வில் முடியும். நீண்ட ஆட்டத்துக்கு பேசிக் ஃபேன்டஸியின் 'மார்கன்ஸ்ஃபோர்ட்' தொகுப்பு: எல்லைக் கோட்டை ஒன்று, அதைச் சுற்றி மூன்று டன்ஜன் (எதிரிகளும் புதையலும் உள்ள நிலவறைகள்). கோட்டையில் தங்கி, வெளியே போய், அடிபட்டுத் திரும்பி வருகிற மாதிரியான அமைப்பு. ஒரு வாரம் யாராவது வராவிட்டாலும் கதை நொண்டாது. இதை ஐந்தாம் பதிப்பில் ஆடலாம். ஆனால் பழைய பாணிச் சாகசத்தில் எதிரிகளின் எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் ஆள் மிஞ்ச மாட்டார்கள். இடத்தையும் ஆட்களையும் அங்கிருந்து எடுங்கள், எதிரியின் எண்களை மட்டும் எஸ்.ஆர்.டி-யிலிருந்து போட்டுக்கொண்டு மேலே சொன்ன கணக்கைப் பார்த்துவிடுங்கள். சின்னச் சின்னதாக வேண்டுமென்றால் 2009 முதல் நடந்த ஒன் பேஜ் டன்ஜன் போட்டியின் படைப்புகள் இருக்கின்றன. ஒரு பக்கம்தான் என்பதால் பஸ்ஸில் போகும்போதே படித்து முடித்துவிடலாம்.

மேப்தான் எல்லோரும் நேரத்தைக் கொட்டுகிற இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சுக்கு ஏற்றவை டைசன் லோகோஸ் தளத்தின் கறுப்பு வெள்ளை மேப்கள், நூற்றுக்கணக்கில் இலவசம். வண்ண மேப்பை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சுவரும் தரையும் ஒரே சாம்பலாகிவிடும். இவை கோட்டுச் சித்திரம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: இவற்றில் பல மேப்களில் ஒரு கட்டம் 10 அடி. ஐந்தாம் பதிப்பில் ஒரு கட்டம் 5 அடி. கவனிக்காமல் ஆடினால் அறைகள் பாதியாகச் சுருங்கி, ஆறு பேர் நிற்க இடமில்லாமல் கதவிலேயே முட்டிக்கொள்வார்கள்.

அச்சடிக்கும்போது இன்னொரு சிக்கல். அமெரிக்க பி.டி.எஃப்கள் லெட்டர் அளவில் இருக்கும், 8.5-க்கு 11 அங்குலம். நம் ஏ4 8.27-க்கு 11.69. கடைக்காரர் வழக்கம்போல 'ஃபிட்' என்று கொடுத்தால் ஓர் அங்குலக் கட்டம் 0.97 ஆகிவிடும். ஒரு தாளில் தெரியாது. ஆனால் ஒரு தாளை ஃபிட்டிலும் அடுத்ததை ஒரிஜினல் அளவிலும் எடுத்தால் ஒட்டும்போது கோடு சேராது. 'ஆக்சுவல் சைஸ்' என்று கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் கால் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் போகும், அது பெரும்பாலும் வெற்று மார்ஜின். பெரிய படத்தைப் பல தாளில் பிரிக்க அக்ரோபாட் ரீடரின் 'போஸ்டர்' வசதியே போதும். மார்ஜின் போக ஒரு ஏ4 தாளில் 7-க்கு 10 கட்டம் என்று வையுங்கள். 30-க்கு 20 கட்டமுள்ள மேப்புக்கு ஒன்பது தாள்.

ஆனால் ஒவ்வொரு மேப்பையும் அச்சடிக்கவே வேண்டாம் என்பேன். ஓர் அங்குலக் கட்டம் மட்டும் போட்ட வெற்றுத் தாளை ஏ3-இல் ஒரே ஒரு முறை எடுத்து லேமினேட் செய்துவிடுங்கள். 16-க்கு 11 கட்டம் வரும், 80-க்கு 55 அடி. ஒருவர் ஒரு டர்னில் நடக்கும் 30 அடி என்பது ஆறு கட்டம், ஆக ஒரு சண்டைக்கு இடம் தாராளம். வைட்போர்டு மார்க்கரால் சுவரை வரையலாம், துடைக்கலாம். அன்றே துடைத்துவிட வேண்டும், நாள் கணக்கில் விட்டால் கறை பிடிக்கும். பள்ளி கிராஃப் நோட்டையும் பயன்படுத்தலாம், ஆனால் அதில் இருப்பது சென்டிமீட்டர் கட்டம், அதற்கேற்ப டோக்கனை (கேரக்டரைக் குறிக்கும் காயை) சின்னதாக வெட்டுங்கள். சார்ட் அட்டையும் தடித்த காகிதமும் மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து ஆடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள், கடல்காற்று முதலில் டோக்கனை எடுக்கும், பிறகு கேரக்டர் ஷீட்டை.

பெங்களூர் நண்பருக்கு வருவோம். எல்லோரும் இணையத்தில் ஆடும் விர்ச்சுவல் டேபிள் தேவையா என்பதே முதல் கேள்வி. நாலு பேர் ஒரே அறையில் இருக்கும்போது, ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி லேமினேட் தாளைக் காட்டினாலே காரியம் முடிந்துவிடும். அறையில் ஒரே ஒரு மைக் மட்டும் இயங்கட்டும். நாலு பேரும் அவரவர் போனில் அதே வீடியோ காலில் சேர்ந்தால் ஊளைச் சத்தம்தான் கேட்கும். திரையில் மேப் வேண்டும் என்றால் ஆவுல்பேர் ரோடியோ எளிமையானது. பிரவுசரிலேயே ஓடும், மேப்பை ஏற்றிக் கட்டத்தைப் பொருத்தி லிங்க்கை அனுப்பினால் ஆட்டம் தொடங்கலாம். ரோல்20 என்ற தளத்தில் கேரக்டர் ஷீட், பகடை, விதித் தேடல் எல்லாம் உள்ளேயே இருக்கும், அதனாலேயே கற்க நேரம் பிடிக்கும், போனில் இழுபறி. அதில் ஒரு கட்டம் இயல்பாக 70 பிக்சல். ஆக 30-க்கு 20 கட்டமுள்ள மேப்புக்கு 2100-க்கு 1400 பிக்சல் படம் போதும். அதைவிட மிகப் பெரிய படத்தை அப்படியே ஏற்றினால் இலவசக் கணக்கின் சேமிப்பிடம் சீக்கிரம் நிரம்பும், மொபைல் டேட்டாவில் இருப்பவருக்குப் படம் வந்து சேரவே நேரமாகும். பி.என்.ஜி-யை ஜேபெக்காக மாற்றினாலே அளவு வெகுவாகக் குறையும். ஃபவுண்ட்ரி என்ற இன்னொன்றைப் பலர் சிபாரிசு செய்வார்கள். நல்லதுதான், ஆனால் கேம் மாஸ்டர் ஒரு முறை காசு கொடுத்து வாங்க வேண்டியது. உங்கள் கேள்விக்குள் அது வராது.

ஜெனரேட்டர்கள் ஒரு தனி உலகம். வாட்டபூவின் நகர ஜெனரேட்டர் ஒரு சொடுக்கில் கோட்டைச் சுவரும் சந்தையும் உள்ள ஊரைக் கொடுத்துவிடும். அஸ்கார் என்பவரின் ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர் கண்டம், ஆறு, எல்லை, மதம், படை வரைக்கும் உருவாக்கும். டான்ஜான் என்ற தளம் அறை வாரியாகக் குறிப்போடு டன்ஜனே கொடுக்கும். இவற்றில் வேலை காணாமல் போகும் விதம் ஒன்றுதான்: பிரவுசரில் இருக்கிறதே என்று விட்டுவிடுவது. அஸ்காரில் .map ஃபைலைக் கணினியில் இறக்கி வையுங்கள், பிரவுசர் டேட்டாவைத் துடைத்தால் கண்டமே போய்விடும். வாட்டபூவில் அந்த ஊருக்கான நிரந்தர லிங்க்கை நகலெடுத்து வைத்தால் அதே ஊர் திரும்ப வரும். டான்ஜான் தருவது தற்செயல் கலவை. ஓர் அறையில் எலும்புக்கூடு, பக்கத்து அறையில் கொள்ளையர் படுத்துத் தூங்குவார்கள், இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. மேப்பை வைத்துக்கொண்டு உயிரினங்களில் பாதியைத் தூக்கிவிட்டு, மிச்சம் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் என்ன உறவில் இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினால்தான் அது இடமாகும்.

இனி ஆங்கிலத் தளங்கள் எதுவும் தராத ஒன்று. மூன்று மாதம் கழித்துச் சொந்த உலகம் போட நினைக்கும்போது, பழந்தமிழ் நூல்களை இலவசமாக வைத்திருக்கும் ப்ராஜெக்ட் மதுரைக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்துக்கும் போங்கள். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூர் எடுத்த காதையைத் திறந்தால், புகாரில் ஐந்து மன்றங்கள் வரும். கேம் மாஸ்டர் கண்ணால் பார்த்தால் அவை ஐந்தும் தயார் நிலையில் இருக்கும் இடங்கள். வெள்ளிடை மன்றத்தில் களவெடுத்தவன் திருடிய சுமையைத் தலையில் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவான், கீழே வைக்க முடியாது. உங்கள் ரோக் (திருடர் வகை) கேரக்டருக்கென்றே வைத்த பொறி. இலஞ்சி மன்றத்தின் பொய்கை உடற்குறையைத் தீர்க்கும். நெடுங்கல் நின்ற மன்றத்தில் பித்தும் நஞ்சும் இறங்கும். பாவை மன்றத்தின் பாவை அரசன் நீதி தவறினால் பேசாமல் கண்ணீர் விடும். ஒரு நாள் காலை அது அழ ஆரம்பித்தது என்று சொல்லுங்கள், ஆறு மாதக் கதை அங்கிருந்தே கிளம்பும்.

ஐந்தாவது பூத சதுக்கம். பொய்த் தவசி, பொய்ச் சாட்சி, புறங்கூறுபவன் போன்றவர்களைப் பாசக்கயிற்றால் பிடித்து, நாலு காதம் கேட்கும்படி கத்தி, புடைத்துத் தின்னும் பூதம். இதை விளையாட்டுக்குள் கொண்டுவர புதிதாக எண் எழுத வேண்டாம். எஸ்.ஆர்.டி. 5.1-இல் ஓகரை (பேருருவ அரக்கனை) எடுங்கள்: ஆர்மர் கிளாஸ் 11, ஹிட் பாயின்ட் 59, தாக்க +6, அடி சராசரி 13, மதிப்பு 450 எக்ஸ்.பி. அதோடு 30 அடி நீளக் கயிறு ஒன்று: பட்டால் ஆள் பிடிபடுவார், இழுக்கப்படுவார். இரண்டாம் லெவலில் நாலு பேருக்கு 2014 கணக்கில் இது நடுத்தரச் சண்டை, கயிறையும் சேர்த்தால் ஒரு படி கூடுதல். பொய் சொன்ன கேரக்டரை மட்டுமே அது துரத்தும் என்று வைத்தால் மேசையில் நடக்கும் வாக்குவாதமே தனி. மூலம் கடினமாக இருந்தால் ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரையைப் பாருங்கள். அவர் 1944-இல் மறைந்தவர், நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுக்குப் பின் உரிமை பொதுவாகிவிடும். இப்போதைய உரையாசிரியர்களின் நூல்களுக்கு அது பொருந்தாது.

மிச்சச் சாமான்கள் சில்லறைதான். பகடைக்கு போனில் ஒரு ஆப் போதும், கூகுளில் 'ரோல் டி20' என்று போட்டாலே உருளும். டோக்கனுக்கு கேம்-ஐகான்ஸ் தளத்தின் சின்னங்களை அச்சடித்து அட்டையில் ஒட்டலாம். பின்னணி ஓசைக்கு டேபிள்டாப் ஆடியோ, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் ஓடும் காடு, மழை, சத்திரம் என்று. சண்டை தொடங்கும்போது சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் பெங்களூர்க்காரருக்குப் பேச்சு கேட்காது.

கடைசியாக, எதை எவ்வளவு நம்பலாம் என்பது. உரிமம் பற்றிச் சொன்னவை உறுதியானவை, க்ரியேட்டிவ் காமன்ஸில் விட்டது விட்டதுதான். எந்த விளையாட்டு உங்களுக்குப் பொருந்தும் என்பதும் முதல் ஞாயிறு இரண்டு காப்ளின் என்பதும் என் அபிப்பிராயம் மட்டுமே. விர்ச்சுவல் டேபிள் தளங்களின் இலவச எல்லைகள் நிலையில்லாதவை, சேமிப்பிடமும் வசதியும் முன்னறிவிப்பில்லாமல் மாறும், அதனால்தான் அந்த எண்களைக் குறிப்பிடவில்லை, சேரும் நாளில் அவர்கள் பக்கத்திலேயே பாருங்கள். டெலிகிராமில் சுற்றும் முழுப் புத்தக ஸ்கேன்கள் திருட்டுதான், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. சில விதித் தளங்கள் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், உள்ளே கட்டணப் புத்தகத்தின் பகுதிகளைக் கலந்திருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: பிஹோல்டர் அல்லது மைண்ட் ஃபிளேயர் என்ற அரக்கர்களின் முழு எண் பட்டியல் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். இவை இரண்டின் எண் பட்டியலும் எஸ்.ஆர்.டி-யில் கிடையாது. யாரும் உரிமம் வாங்காமல் அதைப் போட்டிருந்தால் மற்றதும் அப்படித்தான் வந்திருக்கும்.

வீட்டுக்குள் ஆடும்வரை உரிமக் கவலை எதுவும் வேண்டாம். ஆட்டத்தைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதாகவோ, எஸ்.ஆர்.டி-யைத் தமிழில் சுருக்கி மற்றவர்களுக்குக் கொடுப்பதாகவோ இருந்தால் இரண்டுக்கும் அனுமதி உண்டு. எஸ்.ஆர்.டி-யின் முதல் பக்கத்தில் உள்ள உரிம வாசகத்தை அப்படியே எடுத்து விவரப் பகுதியிலோ முகப்பிலோ போட்டுவிட்டு, நீங்கள் மாற்றியிருப்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மேப்புக்கும் ஓசைக்கும் உரிமம் தனித்தனி, எஸ்.ஆர்.டி-யின் அனுமதி அவற்றுக்குச் செல்லாது. டைசனின் மேப்களில் வணிகப் பயன்பாட்டுக்கு என்று குறித்தவை சில, குறிக்காதவை பல. விளம்பர வருமானம் வரும் சேனல் என்றால் குறித்தவற்றிலிருந்து மட்டும் எடுங்கள்.